நாற்பத்தொன்றாம் வில்லை

புதன்கிழமை காலை கேட்டம்மா வந்து கதவைத் தட்டியபோது சமையலறைக் கடிகாரம் ஏழரை காட்டிக்கொண்டிருந்தது. உண்மையில் மணி ஏழு இருபதுதான். கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடுகிறது என்பது ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே டிரைவருக்குத் தெரியும். அதை அக்காவிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சொன்னால், ஏன் முந்தியது என்று கேட்பாள்.

அது சாவி கொடுத்து ஓடும் பழைய கடிகாரம். வாரத்துக்கு ஒரு முறை, ஞாயிறு மாலை, அக்கா சாவி கொடுப்பாள். முள்ளைத் திருத்த அவள் ரேடியோவையோ கைபேசியையோ தேடுவதில்லை. மலைப் பூங்காவின் கடைசிப் பேருந்து பின்வாசலிலிருந்து முன்வாசலுக்குச் சுற்றி வரும்போது, வீட்டுக்குக் கீழே இருக்கும் வளைவில் ஹாரன் அடிக்கும். அப்போது மணி ஐந்து பத்து. பதினாறு வருடங்களாக அந்தப் பேருந்தை ஓட்டுகிறவன் அவள் தம்பி. "உன் ஹாரனை நம்புற மாதிரி நான் யாரையும் நம்புறதில்லடா" என்று அக்கா பெருமையாகச் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை அவன் பின்வாசலிலிருந்து நாலரைக்குக் கிளம்ப வேண்டியவன், நாலு இருபதுக்கே கிளம்பிவிட்டான். மழை விட்டும் மூடுபனி, நிறுத்தத்தில் ஓர் ஈ காக்கை இல்லை. பத்து நிமிடத்தில் என்ன குடி முழுகப்போகிறது என்று நினைத்தான். மறுநாள் மதியம், பூச்சிகளைத் தேடி வாரா வாரம் மலையேறும் பூச்சி வாத்தியாரை மலைச்சரிவிலிருந்து தூளியில் தூக்கி வந்தார்கள்.

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இப்போதும் பின்கட்டில் உட்கார்ந்து, பேருந்தின் ரப்பர் விரிப்பில் ஒட்டியிருந்த கருஞ்சேற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பின்வாசல் பக்கத்து மண் அப்படி. காய்ந்தால் சுரண்டினாலும் போகாது.

"மேடம்" என்றாள் கேட்டம்மா, உட்காராமலே. பூங்காவின் முன்வாசலில் ஒன்பது வருடங்களாகக் காவல் இருப்பவள். இரவெல்லாம் அழுத முகம். "தொலைஞ்சு போனதையெல்லாம் நீங்க கண்டுபிடிச்சுக் குடுப்பீங்கன்னு சொல்வாங்க. எனக்கு எதுவும் தொலையல. வரக்கூடாத ஒண்ணு வந்து சேர்ந்துடுச்சு. அது எப்படி வந்துச்சுன்னு நீங்கதான் சொல்லணும்."

அக்கா முப்பது வருடங்கள் ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள் அறையைப் பார்த்துக்கொண்டவள். ஒற்றைச் செருப்பைப் பார்த்தே அதன் சொந்தக்காரர் எந்தக் காலைச் சாய்த்து நடப்பார் என்று சொல்லிவிடுவாள். ஓய்வு பெற்ற பிறகும் அக்கம்பக்கத்தார் அவளை விடவில்லை.

"முதல்ல உட்காரும்மா. தண்ணி குடி. அப்புறம் சொல்லு."

கேட்டம்மா சொன்னாள். முன்வாசலில் ஒரு மரப்பலகை. அதில் அறுபது ஆணிகள், எண் போட்ட அறுபது தகர வில்லைகள். மலையேறப் போகிறவர் ஒவ்வொருவரும் ஒரு வில்லையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். திரும்பி வந்ததும் அதே ஆணியில் மாட்ட வேண்டும். மாலை ஐந்தே முக்காலுக்கு அவள் பலகையைப் பார்ப்பாள். ஓர் ஆணி காலியாக இருந்தாலும் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். உடனே தேட ஆள் அனுப்புவார்கள். எல்லாம் நிறைந்திருந்தால் கேட்டைப் பூட்டலாம்.

"ஞாயித்துக்கிழமை காலைல பூச்சி வாத்தியார் நாப்பத்தொண்ணை எடுத்தார். எப்பவும் அதான் எடுப்பார். ராசியாம். சாயங்காலம் பலகை நிறைஞ்சிருந்துச்சு மேடம். ஒவ்வொண்ணா எண்ணினேன். நாப்பத்தொண்ணு அது இடத்துல தொங்கிச்சு. ஆனா மனுஷன் அந்த நேரத்துல சரிவுல இடுப்பு ஒடிஞ்சு கிடந்திருக்கார். மறுநாள் முதல் வகுப்புக்கு வரலன்னு பள்ளிக்கூடத்துலேருந்து போன் வந்த பிறகுதான் தேடவே போனாங்க."

"இப்ப எப்படி இருக்கார்?"

"நினைவு வரல. ராத்திரி பூரா மழைல கிடந்தவர்." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சீக்கிரம் வீட்டுக்குப் போக நானே வேற ஒரு வில்லையை மாட்டிட்டேன்னு பூங்கா அதிகாரி சொல்றார். வெள்ளிக்கிழமை விசாரணை. வேலை போனா குடியிருப்பும் போயிடும். மகளுக்கு அடுத்த வாரம் பரீட்சை. எங்க மேடம் போவேன்?"

"நாங்க பாத்துக்குறோம்" என்றான் டிரைவர் சட்டென்று, கையிலிருந்த பிரஷ்ஷை வீசிவிட்டு. "நான் ரெண்டு நாள் லீவு போடுறேன். எங்க போகணும் அக்கா? எப்ப கிளம்பணும்?"

அக்கா அவனை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தாள். "என்னடா இவ்வளவு வேகம்? போன தடவை பக்கத்து வீட்டுக் குடையைத் தேடக் கூப்பிட்டப்ப உனக்கு முதுகு வலிச்சுது."

அவன் மனதில் ஒரு கதை முழுதாக எழுதப்பட்டிருந்தது. வாத்தியார் பின்வாசல் வழியாக நாலு இருபத்தைந்துக்கு இறங்கி வந்திருப்பார். பஸ்ஸைக் காணோம். கைபேசி வைத்துக்கொள்ளாத மனுஷன். வேறு வழியில்லாமல் மறுபடி மலையேறி, முன்வாசலுக்கு இறங்கும்போது இருட்டில் விழுந்திருப்பார். அந்தக் கதையை வேறு யாராவது சொல்வதற்கு முன் கண்டுபிடித்துவிட வேண்டும் என்றும் இருந்தது, யாருமே கண்டுபிடிக்கக் கூடாது என்றும் இருந்தது.

"அன்னிக்குக் கடைசி வண்டில யாரெல்லாம் வந்தாங்க?" என்று கேட்டாள் அக்கா.

"வர்ணம் அண்ணன் மட்டும்தான்க்கா." இதைச் சொல்லும்போது அவனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "பதினாறு வருஷத்துல முதல் தடவையா என் வண்டில ஏறினார். வளைவுல வாந்தி வரும்னு பயம் அவருக்கு. மேல தனியா ஈரத்துல நடுங்கிட்டு இருப்பாரேன்னு நான்தான் போன் பண்ணி, கெஞ்சிக் கூத்தாடி வரவழைச்சேன். கைல பிளாஸ்டிக் பையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தார். அப்புறம் என்ன, ரெண்டு பேரும் பாடிக்கிட்டே வந்தோம்."

வர்ணம் என்பது பட்டப்பெயர். பூங்காவின் பாதைகளில் மரங்களில் பெயிண்ட் பட்டை அடிக்கும் வேலை அவருக்கு. அந்தப் பட்டைகளைப் பார்த்துத்தான் நடப்பவர்கள் வழி கண்டுபிடிப்பார்கள்.

"நல்லா இருந்துச்சா பாட்டு?" என்று மட்டும் கேட்டுவிட்டு அக்கா செருப்பை மாட்டினாள்.

*

முன்வாசல் அறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவரில் பூங்காவின் வரைபடம். அக்கா முதலில் வரைபடத்தின் முன்னால் நின்றாள். முன்வாசலிலிருந்து உச்சிக்கு இரண்டு பாதைகள். ஒன்று ஓடை வழி, நீலப் பட்டை. மற்றது நேர் வழி, மஞ்சள் பட்டை. இரண்டும் செம்மண் பூமி. உச்சியைத் தாண்டினால் பின்வாசலுக்கு இறங்கும் கல்படிகள், அரை மணி நேர இறக்கம், அதற்குக் கீழே கரிய மண்ணும் பஸ் நிறுத்தமும். நேர் வழியின் நடுவில் ஓரிடத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு.

"இங்க என்ன?"

"போன மாச மழைல பழைய பாதை சரிஞ்சு விழுந்துடுச்சு மேடம். பக்கத்துல புதுசா ஒண்ணு வெட்டியிருக்காங்க. ஞாயித்துக்கிழமைதான் வர்ணம் அண்ணன் புதுப் பாதைக்குப் பட்டை அடிச்சார். வாத்தியார் விழுந்தது அந்தப் பழைய பாதைலதான். அவ்வளவு பளிச்சுனு பட்டை இருக்கும்போது ஏன் அந்தப் பக்கம் போனாருன்னு எல்லாருக்கும் ஆச்சரியம்."

"அவர் ஏறும்போது எந்த வழி?"

"ஓடை வழி. அங்கதான் பூச்சி நிறைய."

அக்கா பலகைக்கு வந்தாள். அறுபது வில்லைகளும் ஆட்கள் கைபட்டுக் கைபட்டு மங்கிக் கறுத்திருந்தன. நாற்பத்தொன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். அதன் விளிம்பில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும் தகரம் புதிதுபோல் மின்னியது. முகர்ந்து பார்த்துவிட்டுத் தம்பியின் மூக்கருகே நீட்டினாள். அவனுக்கு வில்லையின் வாசனை எதுவும் தெரியவில்லை. பயத்தில் அவனுக்கு மூக்கே அடைத்திருந்தது.

"தொலைஞ்ச பொருளை யாராவது துடைச்சுக் கொண்டுவந்து குடுத்தா எனக்கு உடனே சந்தேகம் வரும்" என்றாள் அக்கா. "ஏம்மா, ஒரு சந்தேகம். உச்சிக்குப் போனவங்க சில பேர் பின்வாசல் பக்கமா இறங்கி பஸ்ல போயிடுவாங்க, இல்லையா? அங்க பலகை கிடையாது. அவங்க வில்லை எப்படி இங்க வரும்?"

கேட்டம்மா தண்ணீர்ச் செம்பை எடுத்தாள். அதில் தண்ணீர் இல்லை. இருந்தும் குடிப்பது போலச் செய்தாள்.

"அவங்களே அடுத்த வாரம் கொண்டுவருவாங்க" என்றாள்.

"அதுவரைக்கும் ஆணி காலியா இருக்கும். நீ ஆள் அனுப்பித் தேடணும்."

"ஆமா."

"வாரா வாரமா?"

கேட்டம்மாவின் கண்கள் நிரம்பின. "சட்டப்படி அவங்கவங்க வில்லையை அவங்கவங்கதான் மாட்டணும் மேடம்."

"சட்டத்தை நான் கேக்கல."

கேட்டம்மா செம்பைக் கீழே வைத்தாள். "பின்பக்கம் இறங்குறவங்க, முன்பக்கம் வர்றவங்க யார்கிட்டயாவது வில்லையைக் குடுத்தனுப்புவாங்க. நான்தான் ஒரு தடவை வாத்தியார்கிட்ட சொன்னேன். 'சார், யார்கிட்டயாவது குடுத்து விடுங்க, காலி ஆணியைப் பாத்தா எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது'ன்னு. அப்படிப் பழகிப்போச்சு. நான் எப்படி மேடம் இதை விசாரணையில சொல்வேன்? என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்குற மாதிரி ஆயிடாதா?"

"சொல்லாம விட்டதாலதான் இப்ப உன்னைப் பொய்க்காரியா பாக்குறாங்க" என்றாள் அக்கா, கடுமை இல்லாமல்.

டிரைவர் வரைபடத்தில் பஸ் நிறுத்தத்தைத் தேடினான். ஆக, வாத்தியார் பின்வாசலுக்கு வரத்தான் திட்டமிட்டிருந்தார். பஸ்ஸை நம்பித்தான்.

அறைக்கு வெளியே டப்பாக்கள் உரசும் ஓசை கேட்டது. வர்ணம் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது தாண்டிய ஒல்லி மனிதர், நகக்கண்ணெல்லாம் மஞ்சள். அக்காவைக் கண்டதும் கும்பிட்டார்.

"வர்ணம் அண்ணே, ஞாயித்துக்கிழமை நேர் வழில வேலை முழுசா முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா. காலைல ஆரம்பிச்சு மதியத்துக்குள்ள முடிச்சுட்டேன். மழை வந்தது ஒன்றரைக்குத்தானே."

"வாத்தியாரைப் பாத்தீங்களா?"

"இல்லம்மா." அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

*

அன்று பிற்பகல் மருத்துவமனைக்குப் போனார்கள். வாத்தியார் கண்ணாடிக்கு அப்பால் படுத்திருந்தார். முகத்தில் பாதி கட்டு. செவிலி ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து வைத்தாள். ஈரத்தில் ஒட்டிப்போன நோட்டு ஒன்று, பூதக்கண்ணாடி ஒன்று, ஒரு ஜோடி காலணி.

அக்கா கொண்டையிலிருந்து ஊசியை உருவி, காலணியின் அடியில் இருந்த பள்ளங்களைக் குத்தினாள். காய்ந்த மண் பொடிப்பொடியாகக் காகிதத்தில் விழுந்தது. சிவப்பு. பள்ளம் பள்ளமாகக் குத்திக்கொண்டே போனாள். தையல் ஓரத்தையும் விடவில்லை.

டிரைவர் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தபடி நின்றான். இந்த மனிதர் அவன் வண்டியில் எப்போதும் முன் இருக்கையில் உட்காருவார். தீப்பெட்டியில் ஒரு வண்டைக் காட்டி, "இவரும் டிரைவர்தான். உருட்டிக்கிட்டே போவார். ஆனா பின்பக்கமா" என்பார்.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நாளைக்குச் சொல்லு" என்றாள் அவள், காகிதத்தை மடித்துக்கொண்டே. "நாளைக்கு மலையேறணும். என் முழங்காலுக்கு இன்னிக்கு ஓய்வு வேணும்."

*

வியாழக்கிழமை காலை நேர் வழியில் ஏறினார்கள். அக்கா பத்தடிக்கு ஒரு தரம் நின்றாள். மரங்களில் மஞ்சள் பட்டைகள் ஒரு சாண் உயரத்துக்குப் பளிச்சென்று இருந்தன. புதுப் பாதை தொடங்கும் இடம் வந்தது. பழைய பாதையின் வாயில் முள்கிளைகளைப் போட்டு அடைத்திருந்தார்கள். பட்டைகள் புதுப் பாதைக்குள் அழைத்துப்போயின. குழந்தைகூட வழி தவறாது.

அக்கா ஒரு பட்டையை விரலால் தடவினாள். மேல்பரப்பில் சிறுசிறு குழிகள், அம்மைத் தழும்பு போல. "இது என்னடா?"

"மழைத்துளிக்கா. பெயிண்ட் காயுறதுக்குள்ள மழை விழுந்திருக்கு."

"பரவாயில்லையே. உனக்கும் மூளை இருக்கு."

புதுப் பாதை முடிந்து பழைய பாதையோடு மறுபடி சேரும் இடத்துக்கு மேலே வந்ததும் அக்கா ஒரு கல்லில் தொப்பென்று உட்கார்ந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, வந்த வழியைப் பார்த்தபடி மூச்சு வாங்கினாள். அப்படியே வெகுநேரம் இருந்தாள்.

"தம்பி, திங்கக்கிழமை தேட வந்தவங்க எந்த வழியா வந்தாங்க?"

"இதே வழிதான். ஏறி வந்தாங்க. வாத்தியாரைக் கண்டதும் அவரைத் தூளில போட்டு, சரிவு வழியாவே ஓடைக்கு இறக்கிட்டாங்க. திரும்ப இங்க ஏறல."

"ஆக, எல்லாரும் ஏறினாங்க. யாருமே இறங்கல." அவள் கையை நீட்டினாள். "என்னைத் தூக்கி விடு."

இறங்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் டிரைவருக்கு உறைத்தது. ஒவ்வொரு மரத்திலும் இரண்டு பட்டைகள் உண்டு. கீழிருந்து வருகிறவர் பார்க்க ஒன்று, மேலிருந்து வருகிறவர் பார்க்க மரத்தின் மறுபுறம் ஒன்று. ஏறும்போது ஒன்றைத்தான் பார்க்க முடியும். இறங்கும்போது தெரிகிற பட்டைகளும் மஞ்சளாக, புதிதாகத்தான் இருந்தன. சரியாகப் புதுப் பாதைக்கே காட்டின. பழைய பாதையின் மேல்வாயில் நின்ற மரத்தில் மட்டும், பட்டையை மறைக்க ஒரு சதுரத்துக்குப் பழுப்பு பெயிண்ட் அடித்திருந்தது. அங்கே முள்கிளை எதுவும் இல்லை.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு அக்கா?"

"தடவிப் பாரு."

அவன் தடவினான். மஞ்சள் பட்டை, பழுப்புச் சதுரம், இரண்டும் எண்ணெய் தடவியது போல வழவழவென்று இருந்தன. ஒரு குழிகூட இல்லை.

அக்கா அடுத்த மரத்தையும் தடவினாள், அதற்கடுத்ததையும். பிறகு கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை.

*

மாலை நாலு மணிக்கு முன்வாசல் அறையில் நால்வர் இருந்தார்கள். அக்கா நாற்காலியில். கேட்டம்மா பலகையை ஒட்டி. வர்ணம் வாசலுக்குப் பக்கத்தில், எந்த நேரமும் ஓடிவிடுபவர் போல. டிரைவர் ஜன்னலோரம்.

"நாளைக்கு அதிகாரிகிட்ட நான் பேசப்போறேன்" என்றாள் அக்கா. "அதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்றேன். எங்கயாவது தப்பா இருந்தா நிறுத்துங்க."

அவள் நாற்பத்தொன்றாம் வில்லையை மேசையில் வைத்தாள்.

"முதல்ல வில்லை. இது துடைக்கப்பட்டிருக்கு, விளிம்புல கட்டைவிரல் அளவுக்கு. வெறும் துணியால துடைச்சா இத்தனை வருஷத்து அழுக்கு போகாது. பெயிண்டைக் கரைக்கிற டர்பன்டைன் வேணும். வில்லைல பெயிண்ட் பட்டுடுச்சேன்னு பதறி அதைத் துடைக்கிற ஆளு இந்தப் பூங்கால ஒருத்தர்தான்."

வர்ணம் தலையைக் குனிந்துகொண்டார்.

"மதியம் உச்சில வாத்தியார் இவரைப் பாத்திருக்கார். 'நான் பின்பக்கமா இறங்கப்போறேன், இதை மாட்டிடுங்க'ன்னு குடுத்திருக்கார். எல்லாரும் செய்யுற பழக்கம். இவர் கடைசி வண்டில முன்வாசலுக்கு வந்து, நீ பலகையைப் பாக்குறதுக்கு முன்னாடி மாட்டிட்டார். இதுல கேட்டம்மா பொய் சொல்லல, அவங்க மாட்டவும் இல்ல. பலகைதான் பொய் சொல்லுச்சு."

கேட்டம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரெண்டாவது, வாத்தியார் ஏன் பின்பக்கமா இறங்கல? இறங்கி, வண்டியைக் காணாம திரும்பி வந்தாரா?" அக்கா தம்பியின் பக்கம் திரும்பினாள். "உன் வண்டி பத்து நிமிஷம் முன்னாடி கிளம்பிடுச்சு. எனக்கு ஞாயித்துக்கிழமையே தெரியும். நான் கடிகாரத்தைத் திருத்தினதுக்கப்புறம் ரேடியோவுல செய்தி பத்து நிமிஷம் லேட்டா வந்துச்சு. ரேடியோ லேட்டா வராதுடா."

டிரைவர் சட்டென்று நிமிர்ந்தான். "அக்கா, நான் சொல்ல வந்தேன்…"

"இரு. வாத்தியார் காலணில செம்மண்ணைத் தவிர ஒரு பொட்டு மண் கிடையாது. அவர் நிறுத்தத்துக்கு வந்திருந்தா கருஞ்சேறு ஒட்டியிருக்கணும். சுரண்டினாலும் போகாத சேறு. நேத்து காலைல நீ மாய்ஞ்சு மாய்ஞ்சு தேய்ச்சியே, அந்தச் சேறு. படிக்கட்டு மழைல வழுக்கும்னு பயந்து அவர் உச்சிலேருந்தே திரும்பிட்டார். உன் பத்து நிமிஷத்துக்கும் அவர் விழுந்ததுக்கும் சம்பந்தமே இல்ல."

நான்கு நாட்களாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறை சட்டென்று எழுந்துபோனது போல இருந்தது டிரைவருக்கு. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டான். சிரிக்கக்கூடத் தோன்றியது.

"மூணாவது, பட்டை" என்றாள் அக்கா. அவள் குரல் தாழ்ந்திருந்தது. "கீழேருந்து ஏறுறவங்களுக்குத் தெரியுற பட்டைல மழைத்தழும்பு இருக்கு. மேலேருந்து இறங்குறவங்களுக்குத் தெரியுற பட்டைல இல்ல. ஒரு பக்கம் மழைக்கு முன்னாடி அடிச்சது. இன்னொரு பக்கம் மழையெல்லாம் ஓய்ஞ்ச பிறகு அடிச்சது. வர்ணம் அண்ணே, நீங்க ஏறும்போது ஒரு பக்கம் அடிப்பீங்க, இறங்கும்போது மறுபக்கம் அடிப்பீங்க. அதானே வழக்கம்?"

"ஆமாம்மா." கேட்கவே கேட்காத குரல்.

"அன்னிக்கு நீங்க அந்த வழியா இறங்கவே இல்ல. வாத்தியார் இறங்கினப்ப மரத்துல இருந்தது பழைய பட்டை. பதினஞ்சு வருஷமா அவர் நம்பி நடந்த பட்டை. காலைல அவர் ஓடை வழியா ஏறினதால புதுப் பாதையையே பாத்ததில்ல. மூடுபனில அந்தப் பட்டை கூப்பிட்ட பக்கம் போனார். அங்க பாதை இல்ல."

வர்ணம் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"செவ்வாக்கிழமை விடிகாலைல போய் அடிச்சேன்" என்றார் வர்ணம். "அவர் அங்க விழுந்தார்னு கேட்டதுமே எனக்குப் புரிஞ்சுபோச்சும்மா. ஒவ்வொரு பட்டையும் அடிக்க அடிக்க, இதை ரெண்டு நாள் முன்னாடி அடிச்சிருந்தா, ரெண்டு நாள் முன்னாடி அடிச்சிருந்தான்னு… அவர் பின்பக்கமா போறேன்னுதானே சொன்னார். மறுபக்கம் நாளைக்கு அடிச்சா யாருக்கு என்னன்னு நினைச்சேன். உள்ள ஒருத்தரும் இல்லன்னு நினைச்சேன்."

"மழை மூணு மணிக்கே விட்டுடுச்சு, இருட்டின பிறகுதான் மறுபடி பிடிச்சுது" என்றாள் அக்கா. "மரத்தைத் துணியால துடைச்சுட்டு அடிக்கிறவர் நீங்க. எத்தனையோ தடவை பாத்திருக்கேன். வேலையைப் பாதில விடுற ஆளும் இல்ல. பஸ்ஸுன்னாலே வாந்தி வரும் உங்களுக்கு. அன்னிக்கு மட்டும் ஏன் பின்பக்கமா இறங்கினீங்க?"

வர்ணம் நிமிர்ந்தார். அவர் பார்வை ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஜன்னல் பக்கம் போய்த் திரும்பியது.

"கால் வலிம்மா" என்றார். "வயசாயிடுச்சு இல்ல."

டிரைவர் அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டான்.

அப்போதுதான் அந்த ஃபோன் பேச்சு முழுதாக அவன் காதில் விழுந்தது, இப்போதுதான் யாரோ பேசுவது போல. 'வாங்கண்ணே, வண்டி காலியா இருக்கு, பேச்சுத் துணைக்கு ஆள் இல்ல.' 'இல்ல டிரைவர், இன்னும் பாதி வேலை இருக்கு.' 'அட, மரம் என்ன எந்திரிச்சு ஓடிடவா போகுது? நாளைக்கு அடிச்சுக்கலாம். நீங்க வர்ற வரைக்கும் வண்டியை எடுக்க மாட்டேன், சொல்லிட்டேன்.' மூன்று தடவை ஃபோன் பண்ணினான். மூன்றாவது தடவை அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். நாலு நாளாக அவன் பத்து நிமிடத்தை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தான். இதை அவன் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இது அவனுக்கு ஒரு நல்ல காரியமாக ஞாபகத்தில் இருந்தது.

அக்கா அவனைப் பார்க்கவில்லை. வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும் என்று அவனுக்குப் புரிந்தது. புதன்கிழமை காலையில் அவனே பெருமையாகச் சொன்னதுதானே. சொல்லாமல் விட்டாலும் அவள் வாயைத் திறக்கமாட்டாள் என்பதும் புரிந்தது. ஆனால் இனி வளைவில் ஹாரன் கேட்டால் அவள் கடிகாரத்தைத் தொடமாட்டாள்.

"கால் வலி இல்லக்கா" என்றான் டிரைவர். "நான்தான் கூப்பிட்டேன். பாதி வேலை இருக்குன்னு அவர் சொன்னார். நாளைக்கு அடிச்சுக்கலாம்னு சொன்னது நான்."

"டிரைவர், நீங்க சும்மா இருங்க" என்றார் வர்ணம் அவசரமாக. "ஏறினது நான்தானே? என்னைக் கட்டித் தூக்கிட்டா வந்தீங்க?"

"மூணு தடவை போன் பண்ணினேன்" என்றான் அவன்.

அக்கா பையிலிருந்து வெள்ளைத் தாள்களும் பேனாவும் எடுத்து மேசையில் வைத்தாள். "அப்ப எழுதுங்க. மூணு பேரும். நடந்தது எதையும் விடாம. பத்து நிமிஷத்தையும் சேர்த்து."

*

வெள்ளிக்கிழமை அதிகாரி மூன்று கடிதங்களையும் இரண்டு முறை படித்தார். பிறகு மழைத்தழும்பைத் தானே போய்த் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். கேட்டம்மாவுக்கு வேலையும் வீடும் தங்கின; ஒரு கண்டிப்புக் கடிதம் மட்டும். வர்ணத்துக்கும் டிரைவருக்கும் ஒரு மாதம் பணி இடைநீக்கம். பின்வாசலிலும் ஒரு பலகை அடிக்கச் சொல்லி உத்தரவு.

ஞாயிறு பிற்பகல் வாத்தியாருக்கு நன்றாக நினைவு திரும்பிவிட்டது என்று செய்தி வந்தது. டிரைவர் தனியாகப் போனான். வாத்தியார் அவனைக் கண்டதும் கையைத் தூக்க முயன்றார்.

"கேட்டம்மாவுக்கு வேலை இருக்கா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. "வில்லையை இன்னொருத்தர் கைல குடுத்தது நான். போறேன்னு சொன்ன வழியை மாத்தினதும் நான். என்னால அந்தப் பொண்ணு…"

"இருக்கு சார். வேலை இருக்கு." அவன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். ஃபோனை, மூன்று தடவையை, மரம் ஓடிவிடாது என்றதை. வாத்தியார் கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"வர்ணத்துக்கு வாந்தி வந்துச்சா?" என்றார் கடைசியில்.

"வரல சார். வழி பூரா பாடிக்கிட்டே வந்தோம்."

வாத்தியார் சிரிக்கப் பார்த்தார். இடுப்பு வலித்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "அதை மட்டும் என்கிட்ட சொல்லாம இருந்திருக்கலாம் டிரைவர்" என்றார்.

அவன் வீடு திரும்பியபோது அக்கா சமையலறையில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் நேரம். கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. முள் இன்னும் பத்து நிமிடம் முந்தியே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாரமாக அவள் அதைத் தொடவில்லை. சாவியை அவனிடம் நீட்டினாள்.

"நீயே திருத்து."

அவன் சாவி கொடுத்தான். முள்ளின் மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தான். வளைவில் வேறொரு டிரைவரின் ஹாரன் கேட்டது. மணி ஐந்து பத்து. அவன் முள்ளை நகர்த்தினான்.